வேகப் பலகையில் காய்ந்த சாக்கு

நெல் காயவைக்க எங்கள் ஊரில் ரோட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. பொதுக் களம் என்று ஒன்று இருந்தது. அதில் பாதியில் பஞ்சாயத்து தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டது. மீதியில், வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டுகிறவர்களின் மணலும் ஜல்லியும் வருஷம் பூராவும் கிடந்தன. ஆகவே தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால், வலங்கைமானுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஓடுகிற தார் ரோட்டில் ஒரு பக்கம் நெல், மறு பக்கம் வண்டி. இதற்கு யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மறுப்புச் சொல்லவும் இல்லை. நடுவில் இருக்கும் வெள்ளைக் கோடுதான் வரப்பு. கோட்டைத் தாண்டி நெல் போகக்கூடாது, நெல்மேல் வண்டி ஏறக்கூடாது. கோட்டோரம் செங்கல்லும் கருங்கல்லுமாக வரிசை கட்டி வைத்துவிட்டு, காலால் துழாவித் துழாவி நெல்லைக் கிண்டிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நடப்போம்.

நான் அப்போது ரோட்டோரம் இருக்கிற ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். வருகிற அழைப்புக்கும் செல்போனில் காசு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, நெல் என்ன ஆச்சு, மேல்தளம் எப்போது போடுகிறாய் என்று கேட்பார். வயல், பள்ளிக்கூடம், கொத்தனார் எல்லாம் என் தலையில். பெருமைக்குச் சொல்லவில்லை, அலுப்பில் சொல்கிறேன்.

எனக்கு ஒரே தம்பி. வாடகை வேன் ஓட்டினான். வெளிநாடு போகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும், வருகிறவர்களை ஏற்றிவருவதும்தான் பெரும்பாலும் அவன் பிழைப்பு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவன் ஏற்றிவிடாத ஆள் இல்லை. ‘ஊரையே ஏத்தி அனுப்பிட்டேன்க்கா, நான் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கையாட்டிக்கிட்டிருக்கேன்’ என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அந்த வருஷம் அவனுக்கும் ஒரு வழி பிறந்தது. கூத்தாநல்லூர் பாய் ஒருவர், பல தடவை இவன் வேனில் ஏர்போர்ட் போனவர், குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர் வேலை பேசிவிட்டார். ‘தம்பி, மாசி முடியறதுக்குள்ள ஒங்க ஒரிஜினல் லைசென்ஸ் பம்பாய் போயிடணும். அது மட்டும் கையில இருந்தாப் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்’ என்று சொன்னார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது தம்பி அந்த லைசென்ஸை எடுத்து என் கையில் கொடுத்தான். பதினைந்து வருஷத்தில் ஒரு கேஸ் கிடையாது, பாரு என்றான். பாஸ்போர்ட்டைவிட அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தான்.

இப்போது அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற இடத்தில் பஸ்கள் பறந்துகொண்டு போகும். வேகத்தைக் குறைக்கப் பலகை வையுங்கள் என்று நெடுஞ்சாலை ஆபீசுக்கு மனுமேல் மனு போட்டோம். கையெழுத்து தலைமையாசிரியருடையது, எழுத்து என்னுடையது. இரண்டு வருஷம் கழித்து, அந்தத் தைக் கடைசியில் ஒரு புதன்கிழமைதான் வந்து நட்டார்கள். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் நாற்பது. வாத்தியார்கள் எல்லோரும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி எதிர்பாராத மழை. தை மழை நெய் மழை என்பார்கள். எனக்கு நெய்யும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அறுத்து மூட்டை கட்டி வைத்திருந்த நெல்லில் பாதி நனைந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடியை எடுத்துக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘ஈரம் ஜாஸ்தி டீச்சர், காயவச்சு எடுத்தாங்க’ என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை பள்ளி விடுமுறை. இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு ரோட்டில் கொட்டினேன். தனக்குத் தனக்கு என்றால் பதக்குப் பிடிக்கும் என்பது சும்மாவா? ஒரு முழம் வெள்ளைக் கோட்டைத் தாண்டியே கல் வைத்தேன். நனைந்த சாக்குகளை மதகுச் சுவர்மேல் விரித்தேன். ஒரு சாக்குக்கு இடம் இல்லை. கீழே போட்டால் ஆடு மிதிக்கும். நல்ல வெயில் படுகிற உயரத்தில், பக்கத்திலேயே, அந்தப் புதுப் பலகை நின்றது. சாக்கின் வாயை விரித்து அதன் தலையில் சட்டை மாட்டுவதுபோல் மாட்டிவிட்டேன்.

மனு எழுதிய கை அது. அந்த நேரத்தில் எனக்கு அது பலகையாகவே தெரியவில்லை. சாக்கு காய்கிற கம்பமாகத்தான் தெரிந்தது.

தம்பி ஐந்தாறு நாளாக ஊரிலேயே இல்லை. வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று பறவை பார்க்க வந்த கூட்டம் ஒன்றை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை அவர்களைத் திருச்சியில் இறக்கிவிட்டு, குவைத்திலிருந்து வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் வழியாகத் திரும்பினான். மூன்றரை மணி இருக்கும். என்னைத் தாண்டும்போது வழக்கம்போல் ஹாரனை இரண்டு தடவை அடித்தான். நான் கையை உயர்த்திக் காட்டினேன். வேகமாகத்தான் போனான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ரோட்டில் எல்லோரும் போகிற வேகம்.

அவன் போன சிறிது நேரத்தில் வெயில் தாழ்ந்தது. நெல்லைக் குவிக்கச் சொல்லிவிட்டு, சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தேன். பலகைமேல் கிடந்ததுதான் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்தைத் தாண்டி, வளைவில், புளியமரத்தடியில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வேகம் பார்க்க, கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லை. அங்கே நடந்ததைத் தம்பியும் வேனில் இருந்தவரும் பிறகு சொன்னார்கள். தம்பிக்கு முன்னால் ஒரு தனியார் பஸ் போயிருக்கிறது. டயம் பிடிக்கப் போகிற பஸ், அதன் வேகம் ஊருக்கே தெரியும். அதை விட்டுவிட்டார்கள். கொடி கட்டிய சுமோ ஒன்று போயிருக்கிறது. அதற்குக் கான்ஸ்டபிள் ஒரு சலாமும் வைத்திருக்கிறார். மூன்றாவதாக வந்தவன் இவன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

‘அறுபத்தெட்டு. இங்க நாப்பதுதான்யா’ என்றிருக்கிறார் இன்ஸ்பெக்டர்.

‘நாப்பதுன்னு எங்க சார் போட்டிருக்கு?’

கான்ஸ்டபிள் இவனை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், ‘ஏதாவது டீச்செலவுக்குக் குடுத்துட்டுப் போயேன்யா, புது ஆளுகிட்ட வாயாடாத’ என்று நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டிருக்கலாம். எங்கள் குடும்பத்துக்கு வாய்தான் எமன். ‘முன்னாடி போன பஸ்ஸு என்ன தவழ்ந்தா போச்சு? சுமோவுக்கு மட்டும் வேற ரோடா? போர்டே இல்லாத எடத்துல கேஸ் போடறீங்களே, நியாயமா இருக்கா?’ என்று இவன் சத்தம் போட, இன்ஸ்பெக்டர் காதில் விழுந்துவிட்டது. ‘போர்டு இல்லையா? ஏறு ஜீப்புல. காட்டறேன்’ என்றாராம்.

ஜீப் என் நெல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தம்பி இறங்கினான். பலகையைப் பார்த்தான். பளபளவென்று நாற்பது. பேயைப் பார்த்தவன் மாதிரி நின்றான்.

‘படி’ என்றார் இன்ஸ்பெக்டர்.

‘சத்தியமா சார், நான் வரும்போது இது தெரியல. எதையோ போட்டு மூடியிருந்துச்சு.’

‘மூடியிருந்துச்சா? யாரு, நானா வந்து மூடினேன்?’ என்றவர், திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு நெல்லைப் பார்த்தார். கோட்டைத் தாண்டி வைத்த கல்லையும் பார்த்தார். நான் டீச்சர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், குரலைக் குறைத்துக்கொண்டார். ‘ஏம்மா, டீச்சர், இந்த போர்டு இங்கதானே இருக்கு? நீங்களே சொல்லுங்க.’

மடித்த சாக்கு என் கையில் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரு வரி. நான்தான் சார் சாக்கைக் காயப் போட்டிருந்தேன், இப்போதுதான் எடுத்தேன். அவ்வளவுதான். ஆனால் அரசாங்க ரோட்டில் என் நெல், அரசாங்கப் பலகைமேல் என் சாக்கு, நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.

‘ஆமாங்க சார். புதன்கிழமை வச்சாங்க’ என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். அவள் என் அக்கா என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. லைசென்ஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர், கோர்ட்டில் வந்து வாங்கிக்கொள் என்று ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆபத்தாக ஓட்டியதாகக் கேஸ். ஜீப் கிளம்பும்போது, ‘நெல்லைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க டீச்சர்’ என்று எனக்கு மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கேஸ் கிடையாது. விவசாயி வயிற்றில் அடிக்கக்கூடாது என்பது போலீசிலும் ஒரு வழக்கம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கணவர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ‘லூசா நீ? வாயத் தொறந்தா சஸ்பெண்ட் பண்ணுவான். அவனுக்கு என்ன, ஒரு ஃபைன் கட்டினா முடிஞ்சு போச்சு’ என்றார். அவர்தான் தடுத்தார் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். யாராவது எனக்காக அதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன், அவர் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல்தான். முதல் வாய்தாவுக்குப் போனால் ஜட்ஜ் லீவு. இரண்டாவது வாய்தாவுக்குப் போனால் போலீஸ் தரப்பில் காகிதம் வரவில்லை. நானும் கூடவே போனேன். வேப்பமரத்தடியில் நிற்பது, பெயர் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது, மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவது, சாயங்காலம் பஸ் ஏறுவது. எங்களைப் போலவே ஹெல்மெட், லைட், லைசென்ஸ் என்று வந்து நிற்கிற முகங்கள். எல்லோரும் அவரவர் நியாயத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உள்ளே போனதும், ‘ஒத்துக்கறேங்கய்யா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நியாயம் பேசினால் இன்னொரு நாள் வர வேண்டும். இன்னொரு நாள் கூலி போகும்.

கூத்தாநல்லூர் பாய் இரண்டு தடவை ஆள் விட்டார். மூன்றாவது தடவை அவரே வந்தார். ‘மாசி கடைசிக்கு மேல தாங்காது தம்பி. அரபி வீட்டுல அவசரம். அப்புறம் நான் வேற ஆளத்தான் சொல்லணும், மனசுல வச்சுக்காதீங்க’ என்றார். தம்பி தலையை ஆட்டினான்.

மூன்றாவது வாய்தா மாசி மாதக் கடைசி வாரத்தில் வந்தது. உள்ளே போவதற்கு முன்னால் வக்கீல் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். ‘இந்த ஜட்ஜ் ஸ்கூல் பக்கம்னா விடமாட்டாரு. மூணு மாசம் லைசென்ஸ நிறுத்தி வச்சாலும் வச்சுடுவாரு. போர்டு மறைஞ்சிருந்துச்சுன்னு பாத்தவங்க ஒரு ஆள் வந்து சொல்லிட்டா போதும், சின்ன ஃபைனோட போயிடும், இன்னிக்கே லைசென்ஸ் கையில வந்துடும். யாராவது இருக்காங்களா?’

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘பாப்போம் சார்’ என்றான்.

இந்த ஒரு மாதத்தில் அவனும் நானும் சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியும், என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறான் என்று ஒரு நாள் தோன்றும். பாவம், ஒன்றும் தெரியாது என்று மறுநாள் தோன்றும். எது எனக்குச் சௌகரியமோ அதை அன்றன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். தம்பி கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போர்டு மறைந்திருந்தது என்று தன் வாயாலேயே சொன்னான். ஜட்ஜ் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

‘அதைப் பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா?’

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் எழுந்துவிட்டேன். நிஜமாகவே எழுந்து நின்றேன். அந்தப் பார்வைக்கு, வேண்டாம் அக்கா, உட்கார் என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டேன். புடவையைச் சரிசெய்ய எழுந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

‘இல்லீங்கய்யா’ என்றான் தம்பி.

மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்திவைப்பு, அபராதம் தனி. வெளியே வந்து டீ குடித்தோம். அவன்தான் காசு கொடுத்தான்.

அந்தக் குவைத் வேலை நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு பையனுக்குப் போயிற்று. அவன் கிளம்புகிற நாளில் எங்கள் தம்பியின் வேனைத்தான் வாடகைக்குப் பேசினார்கள். லைசென்ஸ் இல்லாததால் வேறொருவனை ஓட்டச் சொல்லிவிட்டு, தன் வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய், தன் வேலைக்குப் போகிறவனை ஏற்றிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டு வந்தான். கேள்விப்பட்ட அன்றைக்கு நான் சோறு வடித்த பானையைக் கீழே போட்டுவிட்டேன். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று போலீசார் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகளை அந்தப் பலகைக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, உறுதிமொழியை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கணீரென்ற குரல் டீச்சருக்கு என்று ஒரு சால்வையும் போட்டார்கள். சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது, நான் போர்த்தியதில்லை.

தம்பிக்கு வேறு வேலை ஏதும் வரவில்லை. வயதும் ஏறிவிட்டது. வேன் மட்டும் மாறியது. ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு தை மாதம், மேல்தளத்துக்கு டைல்ஸ் பார்க்க அவனோடு கும்பகோணம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டில் வழக்கம்போல் ஒரு பக்கம் நெல். பள்ளிக்கூடம் நெருங்கும்போது வேனை ஓரங்கட்டினான். என்ன என்று பார்த்தால், பலகைமேல் யாரோ ஒரு சாக்கை மாட்டியிருந்தார்கள்.

இறங்கிப் போய்ச் சாக்கை எடுத்து உதறினான். நெல் கிண்டிக்கொண்டிருந்த அம்மாள், ‘ஏய், என் சாக்குல ஏன்யா கைய வக்கிற?’ என்று கத்திக்கொண்டே வந்தாள்.

‘காயட்டும் ஆத்தா, வேற எடத்துல காயட்டும். பின்னாடி எவனாவது வருவான்ல’ என்று சொல்லி, மதகுச் சுவர்மேல் அதை விரித்து, பறக்காமல் இருக்க இரண்டு கல்லும் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டாமல் போனான். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

‘தம்பி, அன்னிக்கு அந்தச் சாக்கு... நான்தான்டா போட்டிருந்தேன்.’



‘தெரியும்க்கா. கையிலதான வச்சிருந்த’ என்றான். கியரை மாற்றினான். ‘கோர்ட்டுல திரும்பிப் பாத்தேனே. நீயா சொல்லுவேன்னுதான் பாத்தேன்.’